பெரிய ரோட்டில் ஏறும்போது

வட்டவடையில் விளையும் காரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு எல்லாம் ஊரிலேயே இருந்துவிடுவதில்லை. வெள்ளைப்பூண்டும் அப்படித்தான். அந்தப் பூண்டுக்கு 2022-இல் காந்தளூர்ப் பூண்டோடு சேர்த்துப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்தாலும், பூண்டு மூட்டை மலை இறங்கினால்தான் கையில் காசு.

கோவிலூரில் மூட்டை ஏற்றிய ஜீப்பும் பிக்கப்பும் பாம்பாடும் சோலை வழியாகப் போகின்றன. டாப் ஸ்டேஷன், குண்டளை, மாட்டுப்பட்டி தாண்டி மூணாறு சேருகின்றன. சுமார் 45 கிலோமீட்டர். கொடைக்கானலுக்குப் போன பழைய ரோடு மூடிக் கிடப்பதால், நமக்கு எல்லாவற்றுக்கும் மூணாறுதான் வாசல். அங்கே நம்முடைய ரோடு தேசிய நெடுஞ்சாலையோடு சேருகிறது. முன்பு அதற்கு 49 என்று எண். இப்போது 85. கொச்சியில் குண்டன்னூரில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை போகிற ரோடு அது.

மூணாற்றிலிருந்து கிழக்கே போகும் வண்டி பூப்பாறை, போடிமெட்டு கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. போடியையும் தேனியையும் தொட்டு உசிலம்பட்டி, செக்கானூரணி வழியாக மதுரையை நெருங்குகிறது. நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கத்தில் இன்னொரு பெரிய ரோடு குறுக்கே வருகிறது. அது 44-ஆம் எண் நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீரத்து ஸ்ரீநகர் வரை போவது. மக்கள் அதை நாலு வழிச்சாலை என்பார்கள். பைபாஸ் என்றும் சொல்வார்கள்.

திண்டுக்கல் பக்கமோ விருதுநகர் பக்கமோ போக வேண்டிய மலை வண்டி, அந்த ரோட்டில் ஏறியாக வேண்டும். இந்தப் பாடம் அந்த ஏறுதலைப் பற்றியது. ஓட்டுபவருக்கு மட்டும் அல்ல. முன் சீட்டில் உட்கார்ந்து போகிற நமக்கும், பைக்கில் பின்னால் உட்காரும் அக்காவுக்கும்தான்.

மலைப் பழக்கம்

நம் ஊர் ஓட்டுநர்கள் கெட்டிக்காரர்கள். மஞ்சு மூடிய வளைவில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கிற இடத்தில், மூட்டை ஏற்றிய ஜீப்பை ஓட்டுவது சின்ன வேலை அல்ல. அந்த வேலை அவர்களுக்குச் சில பழக்கங்களைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

மெதுவாகப் போனால் பத்திரம். வளைவுக்கு முன் ஹாரன் அடி. எதிரே வண்டி வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கு. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடு. இந்தக் கடைசிப் பழக்கம் வெறும் மரியாதை அல்ல, சட்டமே அதுதான். 1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறைகளிலேயே இது இருந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது.

இந்தப் பழக்கங்களால் மலையில் உயிர் தப்புகிறது. நாலு வழிச்சாலையிலும் இதே பழக்கங்கள் காப்பாற்றும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. அங்கே மெதுவாக நுழைவதே விபத்துக்கு வழி. ஹாரன் அடித்தால் யாரும் நிற்கப் போவதில்லை. கொஞ்சம் மூக்கை நீட்டினால் எதிராளி ஒதுங்குவான் என்பதும் அங்கே நடக்காது. ஒதுங்க அவனுக்கு நேரம் இருக்காது.

ஏன் நேரம் இருக்காது? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

வேகத்தை மீட்டரில் பார்ப்போம்

வண்டியின் மீட்டர் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஆனால் விபத்து மணிக் கணக்கில் நடப்பதில்லை, விநாடிக் கணக்கில் நடக்கிறது. அதனால் ஒரு சுலபமான கணக்கை நினைவில் வையுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 10 மீட்டர். இரட்டிப்பாக 72 என்றால் 20 மீட்டர். 90 என்றால் 25 மீட்டர்.

20 மீட்டர் எவ்வளவு? இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு. நீங்கள் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் 72-இல் வரும் லாரி அந்த தூரத்தைக் கடந்துவிடும்.

லாரி ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மனம் புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 30 மீட்டர் போய்விடும். பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றாலும் நிற்க இன்னும் 40 மீட்டராவது வேண்டும். ஆக 70 மீட்டர். பாரம் ஏற்றிய லாரிக்கும் மழை ஈரத்துக்கும் இது போதாது, கூடவே ஆகும்.

இனி நம் பிக்கப்பைப் பார்ப்போம். பக்கச் சாலையில் இருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. பின்னால் 80-இல் லாரி வருகிறது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் 60. அதாவது விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் இடைவெளி குறைகிறது. லாரி 100 மீட்டர் தள்ளி இருந்தால், ஆறே விநாடியில் அது நம் டிக்கியைத் தொடும். ஓட்டுநர் இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவது போட்டு வண்டி இழுப்பதற்குள் ஆறு விநாடி தீர்ந்துவிடும்.

நம் வண்டியும் 70-இல் நுழைந்திருந்தால்? வித்தியாசம் 10 மட்டும். அதே 100 மீட்டர் குறைய 36 விநாடி ஆகும். லாரிக்காரர் காலைச் சற்று எடுத்தாலே போதும். அதே ரோடு, அதே லாரி. நம் வேகம் மாறியதால் ஆறு விநாடி முப்பத்தாறு விநாடி ஆகிறது.

பெரிய ரோட்டில் ஏறுகிறவன் அந்த ரோட்டின் வேகத்தோடு ஏற வேண்டும். அதற்கு இடம் இல்லாத ரோடு என்றால், வேகம் கூட்டி முடிக்கிற அளவுக்கு இடைவெளி கிடைக்கும் வரை நிற்க வேண்டும். இதற்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்றை நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். மெதுவாக ஊர்ந்து நுழைவது. அது வழியே அல்ல.

ஏறு பாதை உள்ள ரோடு

நிற்காமல் ஓடும் ரோடு என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியில் கோலோன், பான் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 1932-இல் அப்படி ஒரு ரோடு திறந்தார்கள். குறுக்கு ரோடு கிடையாது, சந்திப்பு கிடையாது. நடுவில் யாரும் நிற்காத ரோட்டில் புது வண்டி எப்படிச் சேருவது? அதற்குத்தான் ஏறு பாதை. பக்கத்தில் இருந்து சாய்வாக வந்து, பெரிய ரோட்டோடு ஒட்டிக் கொஞ்ச தூரம் கூடவே ஓடி, பிறகு அதில் கரைந்துவிடும் பாதை. ஆறு பெரிய ஆற்றில் சேருவதைப் பார்த்திருக்கிறீர்களே, அது மாதிரி. செங்குத்தாக வந்து மோதாமல், பக்கத்தில் ஓடிச் சேருகிறது.

நம் நாட்டில் 2002-இல் முழுதாகத் திறந்த மும்பை-புனே விரைவுச் சாலையில் இப்படி ஏறு பாதைகள் உண்டு. பெங்களூர்-மைசூர் ரோட்டிலும் உண்டு. அந்த ரோட்டின் விரைவுத் தடங்களில் 2023 ஆகஸ்டு முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். வேகமான வண்டிக்கும் மெதுவான வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசமே ஆபத்து என்பதுதான் காரணம். நமது ஆறு விநாடிக் கணக்கும் அதுவே.

ஏறு பாதையில் போகிறவர் செய்ய வேண்டியது என்ன?

பாதை தொடங்கும்போதே தலையைத் திருப்பி பெரிய ரோட்டைப் பாருங்கள். எத்தனை வண்டி, என்ன வேகம், எங்கே இடைவெளி என்று அப்போதே கணக்குப் போட வேண்டும். கடைசி நேரத்தில் பார்க்கக் கூடாது. வலது இண்டிகேட்டரைப் போடுங்கள். நம் நாட்டில் இடது பக்கமாக ஓடுகிறோம். அதனால் இடது ஓரத்தில் இருந்து வலப்பக்கம் சேர வேண்டியிருக்கும். வளைகுடாவுக்குப் போய் வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு இது எல்லாம் தலைகீழ். அங்கே வலது ஓரத்தில் இருந்து இடப்பக்கம் சேர வேண்டும்.

ஒட்டி ஓடும் தடம் வந்ததும் தயங்காமல் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். அந்தத் தடம் இருப்பதே வேகம் கூட்டுவதற்கு. அதிலே மெதுவாகப் போய், முனையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பவர்தான் முனையில் மாட்டிக்கொள்கிறார்.

வேகம் சமமானதும் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி போதாது. வலது தோளுக்குப் பின்னால் ஒருதரம் தலையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் விழாத இடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு பைக் முழுசாக அதில் மறைந்துவிடும். சில நேரம் காரே மறையும். முன் வண்டியில் இருந்தும் பின் வண்டியில் இருந்தும் இரண்டு விநாடியாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் இருந்தால் மூன்று நான்கு விநாடி வேண்டும். இருந்தால், ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி உள்ளே வழுக்கிச் செல்லுங்கள். வெட்டித் திருப்பினால் மேலே கட்டிய மூட்டை ஆளைச் சாய்த்துவிடும்.

சேர்ந்ததும் பிரேக் மிதிக்காதீர்கள். உடனே வலது கோடித் தடத்துக்குத் தாவாதீர்கள். இண்டிகேட்டரை நிறுத்துங்கள். இதை மறந்து பத்துக் கிலோமீட்டர் மினுக்கிக்கொண்டே போகிற வண்டிகள் உண்டு. பின்னால் வருகிறவருக்கு அது பெரிய தொந்தரவு.

இடைவெளி கிடைக்காமல் தடம் முடிகிறது என்றால்? மெல்ல வேகம் குறைத்து, தடத்துக்குள்ளேயே நின்றுவிடுங்கள். பின்னோக்கி மட்டும் எடுக்காதீர்கள். சாய்கோடு போட்ட முக்கோணத்தின் மேல் ஏறி நுழையவும் கூடாது. ஒரு வண்டி பாதையில் ஏறுமுன்பே, முன்னால் ஒருவர் முனையில் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். நீங்கள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வேகம் கூட்டும்போது, முன்னால் போனவர் பயந்து நின்றிருப்பார். அவர் பின்னால் மோதுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

ஏறு பாதை இல்லாத ரோடு

மேலே சொன்னது நல்ல ரோட்டின் கதை. நாம் போகிற வழியில் அப்படி நீளமான பாதை கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு சர்வீஸ் ரோடு இருக்கும். அதற்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே கம்பி வேலியோ கல் திட்டோ இருக்கும். அதில் ஓர் இடத்தில் திறப்பு இருக்கும். அந்தத் திறப்பில் வேகம் கூட்ட இடமே இருக்காது. கிராமத்து ரோடு ஒன்று நேரே வந்து முட்டுகிற இடமும் உண்டு. அங்கே தலைகீழ் முக்கோணப் பலகை இருந்தால் வழிவிடு என்று பொருள். எட்டு மூலைச் சிவப்புப் பலகை இருந்தால் நில் என்று பொருள். பலகை இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான். பெரிய ரோட்டில் போகிறவருக்கு முதல் உரிமை. சேருகிறவர் காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட திறப்பில் ஒரு மாமாவும் மருமகனும் பிக்கப்போடு நிற்கிறார்கள். மருமகன் ஓட்டுகிறான். லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. பின்னால் முப்பது மூட்டை கோசு. அவர்கள் பேச்சைக் கேட்போம்.

"மாமா, ரோடு காலியாத்தானே இருக்கு. ஏறிரவா?"

"இருடா மாப்ள. அந்தா ஒரு லாரி வருது பாரு."

"அது எங்கயோ தூரத்துல வருது மாமா."

"எங்கயோன்னா எங்க? ரோட்டு ஓரத்துல சின்னக் கல்லு நட்டிருக்கு பாரு. என்ன எழுதியிருக்கு?"

"இந்தப் பக்கம் 4. அந்தத் தள்ளி இருக்கறது 6."

"ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இரநூறு மீட்டர். லாரி அந்த 6-ஆம் கல்லுக்குப் பக்கத்துல வந்துட்டான். நம்ம வண்டி அம்பது வேகத்தத் தொட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பாரம் இருக்கே மாமா. இருபது எண்ணுற நேரம் ஆகும்."

"இருபது எண்ணுறதுக்குள்ள அவன் நானூறு மீட்டர் ஓடிருவான். நீ நூத்தம்பதுதான் போயிருப்ப. உன் மேல ஏறிருவானா மாட்டானா?"

"அவன் பிரேக் போட மாட்டானா மாமா?"

"அவனுக்கும் பின்னால ஒருத்தன் வர்றான்ல. அவன் பிரேக்க நம்பி நீ வண்டிய எடுக்காத."

லாரி போகிறது. காற்று அடித்துப் பிக்கப் ஆடுகிறது. பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது.

"பின்னாடி நிக்கறவன் திட்டுறான் மாமா."

"திட்டட்டும். அவன் சத்தம்தான் போடுவான். மோத வர்றது அவன் இல்ல."

மாமா சொன்ன கற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும். மாநில நெடுஞ்சாலையில் பச்சை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் இருக்கும். அவை 200 மீட்டருக்கு ஒன்று. படிக்கத் தெரிந்தவருக்கு அது ரோட்டில் நட்டு வைத்த அளவுகோல். பாரம் ஏற்றிய வண்டி என்றால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கல்லில் இருந்து இரண்டாவது கல் வரை இடது தடம் காலியாக இருக்க வேண்டும். அதாவது 400 மீட்டர். காலி வண்டிக்கு அவ்வளவு வேண்டாம். கல் இல்லாத ரோட்டில், தூரத்து வண்டி ஒரு பாலத்தையோ மரத்தையோ கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். அது உங்களைக் கடக்கும்போது எத்தனை எண்ணியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று வண்டிக்கு இப்படிச் செய்தால் அந்த ரோட்டின் வேகம் கைக்கு வந்துவிடும்.

எத்தனை விநாடி வேண்டும் என்பதை உங்கள் வண்டியைத்தான் கேட்க வேண்டும். மாமா சொன்ன இருபது அந்தப் பிக்கப்புக்கு. பழைய ஜீப்புக்கு அதைவிடக் கூடலாம். வண்டி இல்லாத நேரான ரோட்டில், பாரத்தோடு ஒருதரம் ஓட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

கிளீனரின் "ரைட் ரைட்"

மலையில் கிளீனர் சொல் பெரிய சொல். பின்னுக்கு எடுக்கும்போதும், எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போதும், பள்ளத்தின் ஓரம் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். அவர் "ரைட்" என்றால் ரைட்தான்.

நெடுஞ்சாலையில் ஏறும்போது இது மாறுகிறது. கிளீனர் உட்காருவது இடப்பக்கம். லாரி வருவது வலப்பக்கம், பின்னால் இருந்து. ஓட்டுநரின் தலையையும் மூட்டையையும் தாண்டி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பழக்க தோஷத்தில் "வா வா, போலாம்" என்று கையை ஆட்டுவார். ஓட்டுநரும் பழக்கத்தில் எடுத்துவிடுவார். என் அபிப்பிராயத்தில், இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே நம் வண்டிகளுக்குப் பாதி ஆபத்து குறையும். வலப்பக்கத்தை ஓட்டுநர் மட்டுமே பார்க்க வேண்டும், அவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கிளீனருக்கு வேறு வேலை உண்டு. முன்னால் யாரும் நிற்கிறார்களா, இடப்பக்கம் பைக் நுழைகிறதா என்று சொல்லலாம். மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் உதவிதான்.

மூட்டை அடுக்கும் இடத்திலேயே இன்னொன்று பார்க்க வேண்டும். கோசு மூட்டை பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றால் வலது கண்ணாடி மறைந்துவிடும். கோவிலூரில் ஏற்றும்போதே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துவிட வேண்டும். மழையில் மேலே கட்டும் தார்ப்பாயின் முனையும் கண்ணாடிக்கு முன்னால் வந்து ஆடும். அதை இறுக்கிக் கட்டுங்கள். பின் விளக்கும் இண்டிகேட்டரும் மலைச்சேற்றில் மூடியிருக்கும். போடியில் டீ குடிக்க நிறுத்தும்போது ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

நடுத்திட்டுத் திறப்பு

இது எல்லாவற்றிலும் மோசமான இடம். நாலு வழிச்சாலையின் நடுவில் திட்டு இருக்கிறது. சில இடங்களில் அதில் திறப்பு விட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் போக விரும்புகிறவர் அங்கே திரும்புகிறார். அவர் நுழைவது எந்தத் தடத்தில்? வலது தடத்தில். அது முந்திப் போகிற வண்டிகளின் தடம். ரோட்டிலேயே அதிக வேகம் அங்கேதான். இடது ஓரத்தில் மெதுவாக ஏறுவதே ஆபத்து என்று பார்த்தோம். வலது ஓரத்தில் மெதுவாக ஏறுவது அதைவிடக் கொடியது. போதாக்குறைக்கு நீளமான வண்டியின் வால் இந்தப் பக்கத்துத் தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கொஞ்ச தூரம் போய்ப் பாலத்துக்கு அடியில் திரும்பி வருவது நல்லது. இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடலாம். டீசல் காசு போகும். போகட்டும்.

அந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் எதிர்த் திசையில் ஓரமாக ஓட்டி வருகிறார்கள். "கொஞ்ச தூரம்தானே" என்பார்கள். திறப்பில் நிற்பவர் வலப்பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இடப்பக்கம் இருந்து ஒரு பைக் வரும் என்று அவர் நினைக்கவே மாட்டார். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, எதிர்த் திசையில் ஓட்டுவதையும் அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தார்கள். 184-ஆம் பிரிவு. அபராதம் உண்டு, சிறையும் உண்டு.

ரோட்டில் ஏற்கெனவே போகிறவரின் வேலை

சேருகிறவர் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பெரிய ரோட்டில் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று பொருள் இல்லை. முன்னால் திறப்பில் வண்டி நிற்பது தெரிந்தால், வலது தடம் காலியாக இருந்தால், கொஞ்ச நேரம் அதற்கு மாறிக்கொள்ளலாம். முடியாவிட்டால் காலைச் சற்று எடுக்கலாம். வேகம் கூட்டி இடைவெளியை அடைப்பது மட்டும் கூடாது. ஆனால் திடீரென்று பிரேக் போட்டு நின்று, "நீ வா" என்று கை காட்டுவதும் தப்பு. நல்ல மனசுதான். ஆனால் பின்னால் வருகிறவருக்கு அந்த மனசு தெரியாது.

பைக்கில் போகிறவருக்கு ஒரு வார்த்தை. பைக்குக்கு வேகம் சீக்கிரம் ஏறும், அதனால் சின்ன இடைவெளியிலும் நுழைந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பின்னால் மனைவியும், முன்னால் குழந்தையும், கைப்பிடியில் பையும் இருந்தால் அது பாரம் ஏற்றிய வண்டிதான். அதே கணக்குத்தான். இருட்டில் இன்னொரு தொல்லை. தூரத்து விளக்கைப் பார்த்து வேகத்தை அளக்க முடியாது. ஒற்றை விளக்கு பைக்காகவும் இருக்கலாம், ஒரு விளக்கு எரியாத லாரியாகவும் இருக்கலாம். ராத்திரியில் இடைவெளியை இரட்டிப்பாக வையுங்கள்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 462 பேர். இவர்களில் 61,038 பேர் இறந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. நம் காய்கறி இறங்கிப் போகிற அதே பக்கம்.

விபத்து நடந்துவிட்டால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆம்புலன்சுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்போதும் அந்த மஞ்சள் தலைக் கல் உதவும். எந்த ரோடு, எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கல்லைப் படித்துச் சொல்லுங்கள். இந்த இரண்டு எண்களையும் வண்டிக்குள் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

கேரளத்திலும் ரோடு மாறி வருகிறது. மூணாறு-போடிமெட்டு ரோட்டை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்தார்கள். அங்கே வண்டிகளின் வேகம் முன்பு போல இல்லை. எஸ்டேட் ரோட்டில் இருந்து அதில் சேருகிறவர்கள் பழைய நினைப்பில் எடுத்துவிடக் கூடாது. கடற்கரை ஓரமாகப் போகிற 66-ஆம் எண் நெடுஞ்சாலை ஆறு வழியாகிறது. கொச்சிக்குச் சரக்கு கொண்டு போகிறவர்கள் குண்டன்னூரில் அதைத்தான் சந்திப்பார்கள். அதிலும் சர்வீஸ் ரோடு உண்டு, குறித்த இடங்களில் மட்டும் திறப்பு உண்டு. திறப்பு வருமுன் பலகை வரும். பலகையைப் படித்துத் தயாராக வேண்டும். தவறவிட்டால் அடுத்த திறப்பு வரை போங்கள். பின்னோக்கி வராதீர்கள்.

சொல் அறிவோம்

தடம் - ரோட்டில் கோடு போட்டுப் பிரித்த ஒரு வரிசை. விட்டுவிட்டுப் போட்ட கோட்டைத் தாண்டலாம். தொடர்ந்து போட்ட கோட்டைத் தாண்டக் கூடாது.

நடுத்திட்டு - போகும் பக்கத்தையும் வரும் பக்கத்தையும் பிரிக்கும் திட்டு.

செய்து பாருங்கள்

1. நம் ஊர் ஓட்டுநர் ஒருவரை மையத்துக்கு அழைத்து வாருங்கள். அவர் வண்டி பாரத்தோடு 50 வேகத்தைத் தொட எத்தனை எண்ண வேண்டும் என்று கேளுங்கள். பாரம் இல்லாமல் எத்தனை? இரண்டையும் எழுதுங்கள்.

2. மூணாறு போகும்போது வழியில் பார்த்த பலகைகளை வரைந்து வாருங்கள். தலைகீழ் முக்கோணம் எங்கே இருந்தது?

3. ஒரு லாரி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. உங்களுக்கு 400 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது உங்களிடம் வந்து சேர எத்தனை விநாடி? மாமாவின் பிக்கப்புக்கு அது போதுமா?